விசை வரலாற்றுக்கு வரம்பு யார் வைப்பது? இமாக்ஸின் 300-ஐ முன்வைத்துச் சில குறிப்புகள்

4 பிப்ரவரி 2024, காலை. வாசகர் கேள்வி

இமாக்ஸ் என்ற உரை எடிட்டரில் கன்ட்ரோல்-எச் அழுத்தி எல் அழுத்தினால், கடைசியாக நாம் அழுத்திய விசைகளின் பட்டியல் வருகிறது. அது 300-உடன் நின்றுவிடுகிறது. என் கணினியில் 16 ஜிபி நினைவகம் இருக்கும்போது இந்தக் கஞ்சத்தனம் எதற்கு? எண்ணைப் பயனரே தீர்மானிக்கட்டும், விரும்புகிறவர் வரம்பே இல்லாமல் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதில் என்ன தவறு?

4 பிப்ரவரி, மதியம்

பாதிக் கோரிக்கை ஏற்கெனவே நிறைவேறியிருக்கிறது. 2022 ஏப்ரலில் வெளிவந்த 28.1 பதிப்பிலிருந்து லாஸேஜ்-சைஸ் (lossage-size) என்ற கட்டளை உண்டு. அதை அழைத்து 1000 என்றோ 5000 என்றோ கொடுத்தால் வரலாற்றின் நீளம் மாறிவிடும். தொடக்கக் கோப்பில் (lossage-size 2000) என்று ஒரு வரி எழுதினால் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியதில்லை. 100-க்குக் கீழே மட்டும் இறங்க விடாது. அந்த அடித்தளம் சரியா என்பதைத் தனியாகப் பேச வேண்டும்.

"வரம்பே இல்லாமல்" என்ற மறுபாதியோடுதான் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் நினைவகச் சிக்கனம் அதற்குக் காரணம் அன்று.

4 பிப்ரவரி, இரவு

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். 300 என்பது 300 விசைகள் அல்ல. இமாக்ஸ் விசையைப் பதிவதோடு, அந்த விசை எந்தக் கட்டளையை இயக்கியது என்பதையும் அதே வரிசையில் அடுத்த இடத்தில் பதிந்துவைக்கிறது. சாதாரண எழுத்து ஒன்றைத் தட்டினால் விசைக்கு ஓர் இடம், அந்த எழுத்தை உள்ளிட்ட கட்டளைக்கு ஓர் இடம் என இரண்டு இடங்கள் போய்விடுகின்றன. கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-எஃப் போன்ற ஈரடுக்கு விசைகளானால் இரண்டு விசைக்கும் சேர்த்து ஒரே கட்டளைதான் என்பதால் மூன்று இடங்கள் ஆகின்றன. ஆகவே தொடர்ந்து உரை தட்டுகிறவருக்கு 300 இடங்கள் என்பது ஏறத்தாழ 150 எழுத்துகளே. நிமிடத்திற்கு 200 விசைகள் தட்டும் கைக்கு அது முக்கால் நிமிட வரலாறு.

வரம்பைப் பயனர் கையில் கொடுக்கும் வடிவமைப்பாளர் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். பயனர் மனத்தில் இருக்கும் அலகு ஒன்று, நிரல் எண்ணும் அலகு வேறு. விசைகளையும் கட்டளைகளையும் சேர்த்தே எண்ணுகிறோம் என்று பதிப்புக் குறிப்பில் இருக்கிறது. ஆனால் கட்டளையை அழைத்ததும் கீழே வரும் கேள்வி, எத்தனை விசைகள் என்று மட்டுமே கேட்கிறது. அதை நம்பி 1000 என்று கொடுத்தவருக்குக் கிடைப்பது சுமார் 500.

5 பிப்ரவரி

நினைவகக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம், வாசகர் 16 ஜிபியை எடுத்துவிட்டாரே. 64 பிட் கணினியில் வரிசையின் ஓர் இடத்துக்கு 8 பைட். 300 இடங்களுக்கு 2,400 பைட். ஒரு லட்சம் இடங்கள் கேட்டால் வரிசைக்கு 8 லட்சம் பைட்; அதில் பாதி கட்டளைப் பதிவுகள் என்று கொண்டால், ஒவ்வொன்றுக்கும் 16 பைட் இணை ஒன்று கூடுதலாகத் தேவை என்பதால் இன்னுமோர் 8 லட்சம். மொத்தம் 16 லட்சம் பைட். 16 ஜிபியில் இது ஒரு பொருட்டே அன்று.

மவுஸ் சொடுக்கு மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. அது எண்ணாக இல்லாமல் பட்டியலாகப் பதிவாகிறது. எந்தச் சாளரத்தில் சொடுக்கினோம் என்ற சுட்டும் அந்தப் பட்டியலுக்குள் இருக்கிறது. நாம் அந்தச் சாளரத்தை மூடிவிட்டாலும், பதிவு வரிசையிலிருந்து வெளியேறும் வரை, பயனில்லாத நினைவகத்தை மீட்கும் குப்பை சேகரிப்பான் அந்தப் பொருளைத் தொட முடியாது. 300 இடங்களில் இது பொருட்படுத்தத் தக்கதன்று. வரம்பே இல்லாத வரிசையில், மாதக்கணக்கில் மூடாமல் வைத்திருக்கும் இமாக்ஸில், திறந்து மூடிய பழைய சாளரங்கள் பல ஓசையின்றித் தங்கிவிடும்.

5 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

இவ்வளவு வரலாறு எதற்கு என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்து இரண்டு உண்மையான பயன்கள் உண்டு.

முதலாவது, விபத்துக்குப் பின் விசாரணை. ஏதோ ஒரு விசையைத் தவறி அழுத்திவிடுகிறோம், பஃபர் (திறந்து வைத்திருக்கும் உரை) முழுவதும் பெரிய எழுத்தாக மாறிவிடுகிறது அல்லது திரை இரண்டாகப் பிளக்கிறது; எதை அழுத்தினோம் என்று விரலுக்கும் தெரியாது, மூளைக்கும் தெரியாது. இதற்கு 300 போதும். பத்து இருந்தாலே பெரும்பாலும் போதும்.

இரண்டாவது, பின்னோக்கி மேக்ரோ (மீண்டும் இயக்கத்தக்க விசைத் தொடர்) செய்வது. ஒரு நீண்ட திருத்தத்தைக் கையால் செய்து முடித்த பிறகுதான் இதைப் பதிவு செய்திருக்கலாமே என்று தோன்றும். கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-கே, எல் என்று அழுத்தினால் அண்மைய விசைகள் மேக்ரோ திருத்தும் பஃபரில் வந்து நிற்கும். வேண்டாததை வெட்டிவிட்டு மீதியை மேக்ரோவாக வைத்துக்கொள்ளலாம். இங்கே நீளம் உண்மையிலேயே பொருட்படுகிறது. அட்டவணை ஒன்றின் முதல் வரியைச் சீர்செய்யவே 200 விசைகள் ஆகிவிடுவதுண்டு. நான் வரம்பை உயர்த்தியதே இதற்காகத்தான்.

7 பிப்ரவரி

டச்பேட் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த இழை முழுமை பெறாது.

ஒரு விசை எதிர்பாராத வேலையைச் செய்தது என்று கவனித்து, அது என்ன செய்தது என்பதைப் பார்ப்பதற்காக இரண்டு விரலால் பக்கத்தை மேலும் கீழும் உருட்டிவிட்டு, பிறகு வரலாற்றைத் திறந்தால், திறந்த பட்டியல் முழுவதும் உருட்டல் நிகழ்வுகளாகவே இருக்கும். எனக்கு இது பலமுறை நேர்ந்திருக்கிறது. மவுஸ் நகர்வுகளையும், மவுஸ் மேலே நிற்கும்போது வரும் உதவிக் குறிப்புகளையும் அடுத்தடுத்துக் குவியவிடாமல் சுருக்கிப் பதியும் ஏற்பாடு இமாக்ஸில் இருக்கிறது. ஆனால் உருட்டும்போது வரும் சக்கர நிகழ்வுகளுக்கு அந்தச் சலுகை இல்லை. 29-ஆம் பதிப்பில் வந்த நுண்ணுருட்டல் முறையை இயக்கிவைத்தால் ஒரே வருடலுக்கு எத்தனையோ நிகழ்வுகள் வருகின்றன. ஒவ்வொன்றோடும் அதன் கட்டளையும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இதற்கு மருந்தாக வரம்பை 300-லிருந்து 3000-க்கு உயர்த்துவது, செக்கைப் பெரிதாக்கினால் மாடு குறைவாகச் சுற்றும் என்று நம்புவதைப் போன்றது. நிரம்பியதும் பழையதன் மேல் புதியதை எழுதும் இந்த வளைய வரிசையில் குப்பை அதிகம் நுழைகிறதென்றால், நுழைவாயிலில் வடிகட்டுவதே சரியான இடம். ஒரே வகை நிகழ்வு அடுத்தடுத்து வந்தால் ஒன்றாகச் சேர்த்து, "இத்தனை முறை" என்று ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டால் பழைய 300-ஏ நெடுநேரம் தாங்கும். பயனருக்கு ஒரு எண்ணைக் கொடுப்பது சில நேரங்களில் வடிவமைப்பாளர் தன் வேலையைப் பயனரின் தலையில் கட்டுவதாகிவிடுகிறது.

7 பிப்ரவரி, இரவு

மேலே எழுதியதற்கு ஒரு பின்குறிப்பு. அப்படிச் சேர்த்துச் சுருக்கினால் மேக்ரோ பயன் கெடாதா என்று எனக்கே ஐயம் வந்தது. கீழ்நோக்கி விசையைப் பன்னிரண்டு முறை அழுத்தியதும் ஒரே வகை நிகழ்வுதானே. அதைச் சுருக்கினால் மேக்ரோவாக்கும்போது மீண்டும் விரிக்க வேண்டும். எண்ணைச் சேர்த்தே பதிவதால் விரிக்க முடியும். ஆனாலும் விசைப்பலகை விசைகளைத் தொடாமல் சக்கரத்தை மட்டும் சுருக்குவதே எளிது.

10 பிப்ரவரி

இப்போது வரம்பின்மைக்கு ஏன் எதிர்ப்பு என்ற இடத்துக்கு வருகிறேன்.

விசை வரலாறு என்பது கோப்பின் வரலாறு அல்ல, மனிதரின் வரலாறு. செயல்நீக்க (undo) வரலாற்றில் இருப்பது கோப்பில் வந்து போன உரை. விசை வரலாற்றிலோ, தட்டிவிட்டு அனுப்பாமல் அழித்த மின்னஞ்சல் வரி, தேடுபெட்டியில் தட்டிய பெயர், இன்னொரு பஃபரில் பேசிய அரட்டை எல்லாம் கால வரிசையில் கலந்து கிடக்கின்றன. ஒரு லட்சம் இடங்கள் என்றால் ஐம்பதாயிரம் விசைகள். நிமிடத்திற்கு 200 என்ற அதே வேகத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட தட்டச்சு. வகுப்பில் திரையைப் பகிர்ந்துகொண்டிருக்கும்போது, "நான் என்ன அழுத்தினேன் பாருங்கள்" என்று மாணவர்களுக்குக் காட்ட அந்தப் பட்டியலைத் திறப்பதாக எண்ணிப் பாருங்கள். 300-இல் முக்கால் நிமிடம் வெளிப்படும். ஒரு லட்சத்தில் காலை முழுவதும் வெளிப்படும்.

கடவுச்சொல் விஷயத்தில் ஓரளவு பாதுகாப்பு உண்டு. இமாக்ஸே கடவுச்சொல் கேட்கும் இடத்தில் தட்டுவது, இன்றைய பதிப்புகளின் இயல்பு நிலையில் வரலாற்றில் பதிவதில்லை. ரெக்கார்டு-ஆல்-கீஸ் என்ற மாறியை நாமே இயக்கினால்தான் பதியும். ஆனால் இமாக்ஸுக்குள் முனையத்தைத் திறந்து, ஒவ்வொரு விசையும் நேராக உள்ளே இயங்கும் நிரலுக்குப் போகும் முறையில் வேலை செய்துகொண்டு, அங்கே தொலைகணினி ஒன்றின் கடவுச்சொல்லைத் தட்டினால், அது கடவுச்சொல் என்று எடிட்டருக்குத் தெரிய வழியில்லை. திரையில் நட்சத்திரக்குறிகூட விழாது. வரலாற்றில் எழுத்தெழுத்தாக விழும்.

பழைய பதிப்புகளில் இதைவிடத் துணிச்சலான ஓர் ஏற்பாடு இருந்தது. பிழை அறிக்கை எழுதும் கட்டளையை அழைத்தால், அண்மையில் அழுத்திய விசைகள் தாமாகவே அறிக்கையின் அடியில் ஒட்டிக்கொள்ளும். அறிக்கை போய்ச் சேர்வதோ உலகமே படிக்கக்கூடிய அஞ்சல் பட்டியல். பின்னர் அந்தப் பகுதி நீக்கப்பட்டது. அந்தக் காலத்தில் வரம்பற்ற வரலாறும் கூடவே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

10 பிப்ரவரி, தொடர்ச்சி

முழு வரலாறும் வேண்டுமென்கிறவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. ஓபன்-டிரிபிள்-ஃபைல் என்ற கட்டளை விசைகள் அனைத்தையும் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். விம் எடிட்டரை டபிள்யூ விருப்பத்தோடும் ஒரு கோப்புப் பெயரோடும் தொடங்கினால் அங்கும் அதே வேலை நடக்கும். இவற்றில் எனக்குப் பிடித்தது, பயனர் கேட்டு, பெயரிட்டு, தொடங்கி வைக்க வேண்டும் என்பதே. நினைவகத்தில் இருக்கும் சிறிய வளையம் கேட்காமலே இருக்கும். வட்டில் இருக்கும் பெரிய பதிவு கேட்டால்தான் வரும். இந்தப் பிரிவினையை ஒரே எண்ணால் அழித்துவிடக் கூடாது.

11 பிப்ரவரி

"அப்படியானால் 0 கொடுக்க ஏன் விடவில்லை?" கேட்டவர் சரியான இடத்தில் பிடித்திருக்கிறார்.

100 என்ற அடித்தளத்துக்கு ஒரு நியாயம் உண்டு: உதவி கேட்டு வருகிறவரிடம் "கன்ட்ரோல்-எச், எல் அழுத்தி என்ன வருகிறது என்று சொல்லுங்கள்" என்று சொல்லும்போது, அங்கே ஏதாவது இருக்கும் என்ற உறுதி வேண்டும். ஆனால் தனியுரிமைக்காக வருகிறவருக்கு 300-இலிருந்து 100-க்கு இறங்கியதால் எந்தப் பயனும் இல்லை. ஐம்பது எழுத்துகளுக்குள் எந்தக் கடவுச்சொல்லும் அடங்கிவிடும். ஆகவே அவருக்குத் தேவையானது சிறிய எண் அன்று, அணைக்கும் விசை.

அந்த அணைப்பை 0 என்றோ -1 என்றோ எண்ணுக்குள் மறைத்துவைக்கலாமே என்றால், அதன் விளைவைப் பிற மென்பொருள்களில் பாருங்கள். விம் எடிட்டரில் அண்டூலெவல்ஸ் என்பதற்கு எதிர்ம எண் கொடுத்தால் செயல்நீக்கம் அறவே கிடையாது; 0 கொடுத்தால் பழைய விஐ போல ஒரே ஒரு படி மட்டும் உண்டு. கட்டளை வரிகளை இயக்கும் பாஷ் ஓட்டில் (shell) ஹிஸ்ட்சைஸ் என்பதற்கு 0 கொடுத்தால் வரலாறே இல்லை. எதிர்ம எண் கொடுத்தால் வரம்பே இல்லை. ஒரே -1, ஓரிடத்தில் "ஒன்றும் வேண்டாம்", மற்றோரிடத்தில் "எல்லாம் வேண்டும்". இரண்டையும் ஒரே மாலையில் அமைக்க உட்காருகிற பயனர் எதை நினைவில் வைத்துக்கொள்வார்?

இமாக்ஸிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. செய்திப் பஃபரின் நீளத்தைத் தீர்மானிக்கும் மெசேஜ்-லாக்-மேக்ஸ் எண்ணையும் ஏற்கும், பதிவே வேண்டாம் என்பதற்கு லிஸ்ப் மொழியின் நில் (nil) என்பதையும் ஏற்கும், வெட்டவே வேண்டாம் என்பதற்கு டி (t) என்பதையும் ஏற்கும். எண் அல்லாத விருப்பத்தை எண் அல்லாத மதிப்பால் சொல்கிறது. விசை வரலாறும் நில் என்பதை ஏற்கலாம். டி என்பதை ஏற்கக் கூடாது என்பது என் வாதம்.

11 பிப்ரவரி, இரவு

ஆனால் மெசேஜ்-லாக்-மேக்ஸ் ஒரு மாறி, லாஸேஜ்-சைஸ் ஒரு செயற்கூறு (function). மாறியாக இருந்திருந்தால் எல்லோரும் பழகிய முறையில் மதிப்பிட்டிருக்கலாமே என்று ஒருவர் அலுத்துக்கொண்டிருக்கிறார்.

வரலாறு இருப்பது சி மொழியில் எழுதிய உள்ளகத்தில், நீளம் நிலையான வரிசை ஒன்றில். அடுத்து எழுத வேண்டிய இடத்தை ஒரு சுட்டெண் காட்டுகிறது. கடைசிக்கு வந்ததும் மீண்டும் முதலுக்குத் திரும்புகிறது. நீளத்தை மட்டும் யாரோ ஒரு மாறியில் 5000 என்று மாற்றிவிட்டு, வரிசை 300-ஆகவே இருந்தால், சுட்டெண் இல்லாத இடத்தில் எழுதப் போகும். செயற்கூறாக இருப்பதால் எண்ணைச் சரிபார்க்கவும், புதிய வரிசையை உருவாக்கவும், பழையதிலிருந்து அண்மையவற்றை முறை பிறழாமல் நகர்த்தவும் ஓர் இடம் கிடைக்கிறது. குறைக்கும்போது எவை போக வேண்டும் என்பதும் அங்கேதான் தீர்மானமாகிறது: பழையவை போகும், புதியவை தங்கும். வளையத்தின் நடுவில் சுட்டெண் நிற்கும்போது இதைச் சரியாகச் செய்வது, சொல்வதைப் போல எளிதன்று.

குறைத்தவுடன் பழைய விசைகள் அழிந்துவிட்டன என்று மட்டும் எண்ண வேண்டாம். பழைய வரிசை கைவிடப்படுகிறது, அவ்வளவே. குப்பை சேகரிப்பு இடத்தை விடுவிக்குமே தவிர, அதன் மேல் சுழியம் எழுதித் துடைப்பது அதன் பணியன்று. நிரல் அந்த நேரத்தில் முறிந்து நினைவகத்தின் நகல் வட்டில் விழுந்தால் அதில் அவை இருக்கக்கூடும். வரம்பைப் பாதுகாப்பு அம்சம் என்று விற்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

14 பிப்ரவரி

தமிழில் தட்டுகிறவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. "வணக்கம்" என்பதை இமாக்ஸுக்குள்ளேயே இருக்கும் தமிழ்-ஐட்ரான்ஸ் முறையில் தட்டினால் எட்டு விசைகள்; வரலாற்றில் தெரிவது ரோமன் எழுத்துகள். அதையே இயங்குதளத்தின் உள்ளீட்டு முறையில் தட்டினால், எடிட்டருக்கு வந்து சேர்வது முடிந்த சொல் மட்டும், யூனிக்கோடு குறியீடுகளாக ஏழு. நடுவில் தட்டித் தவறி, சொல் உறுதியாகும் முன்பே பின்னழித்துத் திருத்தியது எடிட்டருக்குத் தெரியவே தெரியாது. எனவே ஒரே எண் வரம்பு இருவருக்கும் ஒரே நீள வரலாற்றைத் தராது. "நான் எந்த விசையை அழுத்தினேன்" என்ற கேள்விக்கு இரண்டாமவருக்கு இந்தப் பட்டியல் விடையே தராது.

18 பிப்ரவரி

எண்ணிக்கைக்குப் பதில் நேரத்தை வரம்பாக வைத்தால் என்ன என்று ஒரு யோசனை வந்திருக்கிறது: கடைசி ஐந்து நிமிடம் மட்டும். முதலில் எனக்குப் பிடித்திருந்தது. யோசிக்க யோசிக்கப் பிடிக்கவில்லை. தேநீர் அருந்திவிட்டு வந்து உட்கார்ந்து, போகும் முன் என்ன அழுத்தினோம் என்று பார்க்க விரும்புகிறவருக்கு அப்போது வெற்றுப் பக்கம் கிடைக்கும். பதிவு ஒவ்வொன்றுக்கும் நேர முத்திரையும் வேண்டும். விசைகளுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு தட்டுகிறவரை அடையாளம் காண முடியும் என்பது ஆய்வாளர்கள் நெடுங்காலமாக அறிந்த ஒன்று. தனியுரிமைக்காகக் கொண்டுவரும் வரம்பு தனியுரிமைக்குப் புதிய பகையைச் சேர்த்துவிடும்.

செயல்நீக்கத்துக்கு இமாக்ஸ் வைத்திருக்கும் மூன்றடுக்கு வரம்பை (1,60,000 பைட், 2,40,000 பைட், 2,40,00,000 பைட்) இங்கும் கொண்டுவரலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். அங்கே ஒரே கட்டளை பெரும் உரையை அழித்துவிட முடியும் என்பதால் பைட் கணக்கும் அடுக்குகளும் தேவைப்படுகின்றன. விசை ஒன்று விசை ஒன்றுதான். இங்கே அந்த ஏற்பாடு வேண்டியதில்லை.

18 பிப்ரவரி, மாலை

நான் உண்மையில் கேட்பது இன்னொரு பெரிய எண்ணை அல்ல, தற்காலிக நிறுத்தத்தை. பாஷ் ஓட்டில் ஹிஸ்ட்கன்ட்ரோல் மாறியில் இக்னோர்ஸ்பேஸ் என்று வைத்திருந்தால், இடைவெளியில் தொடங்கும் வரி வரலாற்றில் ஏறாது. "இதை மட்டும் மறந்துவிடு" என்று அந்தக் கணத்தில் சொல்ல முடிகிறது. இமாக்ஸில் பதிவைத் தடுக்கும் மாறி உள்ளுக்குள் இருக்கிறது, பெயரில் இரட்டைக் கோடு போட்டு, வெளியார் தொடக் கூடாது என்ற குறிப்போடு. நடந்ததை மறக்கச் செய்ய கிளியர்-திஸ்-கமாண்ட்-கீஸ் என்ற செயற்கூறை அழைக்கலாம். தற்போதைய விசைகளோடு வரலாற்றையும் சேர்த்துத் துடைத்துவிடும். ஆனால் அது விசையால் அழைக்கும் கட்டளை அன்று. பெயரைப் பார்த்து அது இதைச் செய்யும் என்று யாரும் ஊகிக்கவும் மாட்டார்கள். முனையத்தில் கடவுச்சொல் தட்டிய பிறகு அழைப்பதற்காக அதை ஒரு சிறு கட்டளைக்குள் பொதிந்து விசை ஒன்றில் கட்டி வைத்திருக்கிறேன்.

2 மார்ச்

சேவையகமாக இமாக்ஸை இயக்கி, பல முனையங்களிலிருந்து இணைகிறவர்கள் கவனிக்க: வரலாறு நிரல் முழுமைக்கும் ஒன்றுதான். அலுவலகக் கணினியின் சாளரத்தில் தட்டியதும், வீட்டிலிருந்து தொலை இணைப்பில் வந்து தட்டியதும் ஒரே வளையத்தில் அடுத்தடுத்து விழும். எது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு பட்டியலில் கிடையாது. முனையத்துக்கு ஒரு வளையம் என்று பிரித்தால், வரம்பு ஒவ்வொன்றுக்கும் தனியா, எல்லாவற்றுக்கும் சேர்த்தா என்ற கேள்வி உடனே எழும். தனித்தனி என்பதே என் விருப்பம், ஏனென்றால் இணைப்பை மூடும்போது அந்த வளையத்தையும் அதோடு சேர்த்துத் துடைத்துவிட முடியும்.